கேசிகாவுக்கு ஏற்ற துவக்கு

பலேர்மோ,
வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் குலவீரசிங்கம் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி இராசேஸ்வரியின் கணவன் கோபாலசிங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நல்ல சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். யோசித்துப் பார்த்ததில் வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை, அது நான். அங்கே கனடாவில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் முகத்தைச் சுழிப்பது எனக்குத் தெரிகிறது. தொலைபேசியில் கதைத்தால் உங்கள் தங்கச்சி பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். வட்ஸப்பில் எழுதலாமென்றால் என் போனுக்குக் கடவுச்சொல் போட்டுத் தந்தவளே எங்கள் மகள் கேசிகாதான். ஆகவேதான் இந்தப் பழைய வழி. வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

விஷயம் இதுதான். உங்கள் மருமகள் கேசிகா இங்கே பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து முடித்ததும், உங்கள் நாட்டின் வடக்கு மூலையில், ரோட்டே இல்லாத ஒரு காட்டில், கோடை முழுக்கத் தங்கிப் பாறையில் படரும் பாசியை ஆராய ஓர் ஆராய்ச்சிக் குழுவில் இடம் எடுத்துவிட்டாள். பாசி பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா, எங்கள் குளியலறையில் இல்லாத பாசியா என்று கேட்டேன். அதற்கு அவள் என் கையில் ஒரு புத்தகத்தைத் தந்தாள். குழுவினர் அனுப்பிய வழிகாட்டியாம். கூடாரம், சப்பாத்து, நுளம்புவலை என்று நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பக்கத்தில் பெரிய கரடி ஒன்றின் படம். அதற்குக் கீழே, ஆளில்லாக் காட்டில் திரிகிறவர்களிடம் கரடியை நிறுத்தக்கூடிய பொருத்தமான றைபிள் ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த வசனத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன். அதற்குப் பிறகு உள்ள பக்கங்களை இந்த நிமிடம்வரை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மனமில்லை.

நான் மகளைத் தடுக்கவில்லை மச்சான், அதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். படித்த பிள்ளை, போகட்டும். ஆனால் பொருத்தமான றைபிள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பொருத்தம் பார்ப்பது தகப்பனின் கடமை அல்லவா. நல்லதொரு துவக்கு அமைந்த அன்றைக்கே அவள் தாராளமாகப் புறப்படலாம் என்று சொல்லிவிட்டேன். விமானச் சீட்டு வைகாசிக் கடைசிக்கு. அதற்குள் அமையாவிட்டால் அது என் பிழையா.

முதலில் நான் யோசனை கேட்டது சிஞ்ஞோர் காலோஜெரோவிடம். லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் முதியவர் அவர்தான், முந்தி எழுதியிருக்கிறேன். மனிதர் இளமையில் வேட்டைக்காரர். முயலும் காட்டுப்பன்றியும் சுட்டவர். கரடியைச் சின்ன வயதில் சர்க்கஸில் பார்த்ததோடு சரி. இருந்தும், கரடிக்கு எது நல்ல துவக்கு என்று நான் வாயெடுத்ததும், சூப்பைத் தள்ளிவிட்டுச் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது-பூச்சியம்-ஆறு என்ற அளவுச் சன்னம் போதும் என்றார். மத்தியானம் மாத்திரை கொடுக்கப் போனபோது, அது காணாது, கரடியின் தோள் எலும்பை உடைக்க நாற்பத்தைந்து-எழுபதுதான் வேண்டும் என்றார். அடுத்த நாள் இரண்டையும் தள்ளிவிட்டு, ஆபிரிக்காவில் எருமைக்குப் பிடிப்பதை எடு என்றார். தூரப் பார்க்கும் கண்ணாடி பூட்டவே கூடாதாம், கரடி வருகிற வேகத்துக்குக் கண்ணாடிக்குள் அதன் மூக்குமயிர் மட்டும்தான் தெரியுமாம். குழல் குட்டையாக இருக்க வேண்டுமாம், மழையில் துருப்பிடிக்காத இரும்பாக இருக்க வேண்டுமாம். அவர் மனைவி சிஞ்ஞோரா வந்து, வைத்தியர் இவருக்குப் பரபரப்பு ஆகாது என்று சொன்னதை மறந்துவிட்டாயா என்று என்னைத்தான் ஏசினார். ஆனால் அந்தக் கிழமை கிழவருடைய இரத்த அழுத்தம் நல்ல நிலையில் இருந்தது என்பதையும் நேர்மையாக எழுத வேண்டும்.

பிறகு நேரே போய்ப் பார்ப்போம் என்று கடைக்குப் புறப்பட்டோம். உங்கள் தங்கச்சி இராகுகாலம் கழிய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அது கழிந்ததும், நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்றாள். நாலாவது ஆளாக மேல்மாடிச் சயந்தினி அக்காவைக் கூட்டிக்கொண்டோம். பலேர்மோவில் எந்தத் தமிழ் வீட்டுக் கலியாணத்துக்கும் கூறை எடுக்கப் போவது அவர்தான். சீலையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தே பட்டின் சாதகம் சொல்வார். பட்டுச்சேலை கட்டித்தான் வந்தார். கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு வழி தவறி வந்தவர்கள் என்று நினைத்து, தையல்கடை அடுத்த சந்தில் என்றார். இல்லை, மகளுக்கு ஒரு றைபிள் என்றேன். எதைச் சுடுவதற்கு என்றார். கரடி என்றேன். அந்த மனிதர் எழுந்துபோய்க் கதவுக்கு வெளியே ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார்.

இனி நடந்ததை, ஊரில் சோதனைச்சாவடிகளில் வரிசையில் நின்ற உங்களுக்குத்தான் எழுதலாம், இங்கே வேறு யாருக்கும் விளங்காது. கடைக்காரர் உள்ளே போய் ஒரு றைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். நானும் இராசேஸ்வரியும் ஒருவரையொருவர் பார்க்கவுமில்லை, கதைக்கவுமில்லை. என் கை சட்டைப்பைக்குப் போனது, அவளுடைய கை கைப்பைக்குள் போனது. சயந்தினி அக்கா அதற்கு முதலே எடுத்துவிட்டார். மூன்று பேரும் வரிசையாக நின்று, இத்தாலி அரசாங்கம் தந்த பெர்மெஸோ அட்டையைப் படம் தெரியும்படி அவருக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறோம். உங்கள் தங்கச்சி கக்கத்திலிருந்த குடையைக்கூட மெதுவாகக் கீழே வைத்துவிட்டாள்.

அவர் மூன்று அட்டைகளையும் மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இருக்கிறதுக்கான பத்திரம். துவக்கு வாங்கிறதுக்கு வேறை பத்திரம் வேணும்" என்று திருப்பித் தந்தார்.

கேசிகா சிரிக்கத் தொடங்கினாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள்.

"ஏனம்மா பெர்மெஸோவை எடுத்தனீங்கள்? அவர் கேக்கேல்லையே."

"சும்மாதான் பிள்ளை. கை தானாப் போயிட்டுது."

இந்த ஊரில் பிறந்தவளுக்கு அதற்குமேல் என்ன சொல்வது. நான் பேச்சை மாற்றக் குழலின் நீளத்தைப் பற்றிக் கேட்டேன். துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்த நான், என் காசில் துவக்குத் தேடிக்கொண்டு நிற்கிறேன். கரடி அடையாள அட்டை கேட்காது என்பது ஒன்றுதான் ஆறுதல். அதற்கிடையில் கேசிகா அந்த றைபிளை வாங்கி, குழல் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, உள்ளே ஒன்றும் இல்லை என்று திறந்து பார்த்துவிட்டுத் தோளில் வைத்தாள். பயணத்துக்கான பாதுகாப்பு வகுப்பில் ஒரு நாள் பிடிக்க மட்டும் பழக்கினார்களாம். கடைக்காரர் அவளோடு மட்டும்தான் அதற்குப் பிறகு கதைத்தார்.

பத்திரம் பிறகு எடுக்கலாம், பார்ப்பதற்குத் தடையில்லை என்றார். பார்த்தோம். முதல் றைபிள் பாரம். அரிசிப் பையைத் தூக்கச் சொன்னால் நாரிப்பிடிப்பு என்கிற பிள்ளை அதை மலையேற்றுவாளா. இரண்டாவது பாரமில்லை, ஆனால் சுட்டால் தோளில் உதைக்குமாம். நானே கைநீட்டாத பிள்ளையை ஒரு இரும்பு உதைப்பதா. மூன்றாவதில் ஒவ்வொரு வெடிக்கும் கீழே ஒரு பிடியை இழுத்து விட வேண்டும். அவள் இழுத்து முடியும்வரை கரடி பொறுத்திருக்குமா. கடைசியில் பெரிய குண்டு போடுகிற வேட்டைத் துவக்கைக் காட்டினார். நல்லதுதான், ஆனால் கரடி கிட்ட வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். கிட்ட வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமென்றால் துவக்கு எதற்கு. சயந்தினி அக்கா துவக்கின் பின்கட்டையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "இதிலை வேறை நிறம் இல்லையோ? கறுப்பு நல்ல காரியத்துக்கு எடுக்கிறேல்லை" என்றார். நான் அதையும் ஒரு குறையாகச் சேர்த்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்தோம். படியேறும்போது உங்கள் தங்கச்சி வாயைத் திறந்தாள்.

"நோர்வே மாப்பிள்ளை உடம்பு எண்டனீங்கள். சுவிஸ் மாப்பிள்ளை கோவக்காரன் எண்டனீங்கள். லண்டன் மாப்பிள்ளை எல்லாத்துக்கும் மெதுவெண்டனீங்கள். இப்ப துவக்குக்கும் அதே கதை. உங்களுக்கு ஒண்டும் சரிவராது, ஏனெண்டால் சரிவந்தால் அவள் போயிடுவாள்."

இப்படியெல்லாம் சொல்கிறாள் மச்சான். உங்கள் வீட்டு வளர்ப்பு, நான் ஒன்றும் சொல்லவில்லை.

கதை இதோடு முடியவில்லை. சுடப் பழகாதவர்களுக்குத் துவக்கைவிட மிளகாய்ச் சாற்றை விசிறும் ஒரு டப்பாதான் நல்லது என்று கேசிகா சொல்லத் தொடங்கினாள். உங்கள் தங்கச்சிக்கு இது பெரிய சந்தோஷம். மிளகாய்தானே, வீட்டுத் தூளைக் கட்டித் தாறன், கனடாக் கரடி ஒருமுறை மணந்தால் போதும் என்றாள். நான் மட்டும் சோதிக்காமல் நம்பமாட்டேன் என்றேன். கரடிக்கு அடிப்பது இங்கே கிடைக்காது, பெண்கள் கைப்பைக்குள் வைக்கிற சின்னது ஒன்றை வாங்கிக்கொண்டு ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக்குப் போனோம். அப்பா, காத்து எந்தப் பக்கம் எண்டு பாருங்கோ என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் கடலைக் கரடியாக நினைத்து அமத்திவிட்டேன். கடற்காற்று அவ்வளவையும் திருப்பி என் முகத்திலேயே தந்தது. நான் கத்திய சத்தத்தில், அந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் கணவாய் தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்களாம். நான் பார்க்கவில்லை, எனக்குக் கண் இல்லை. ஓடினேன், எந்தப் பக்கம் ஓடினேன் என்றும் தெரியாது.

"அப்பா, ஓடாதேங்கோ. நில்லுங்கோ. கண்ணைக் கசக்காதேங்கோ. நான் இஞ்சைதான் நிக்கிறன்."

அந்தக் குரலைக் கேட்டு நின்றேன். அவள் வந்து கையைப் பிடித்து, கல்லில் இருத்தி, காற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பி, போத்தல் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எதை எப்போது செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கரடியைக் கண்டாலும் இதைத்தான் செய்ய வேண்டுமாம், ஓடக்கூடாதாம், நின்று அமைதியாகக் கதைக்க வேண்டுமாம். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணீர் மிளகாயால்தான் வந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள், நல்லதாகப் போயிற்று.

ஆனால் நான் மனம் மாறவில்லை. உங்களிடம் கேட்பது இதுதான். நீங்கள் அந்த நாட்டில் இருப்பவர், உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. கேசிகாவுக்கு நீங்களே அழைப்பெடுத்து, மாமா எல்லாம் விசாரிச்சிட்டன், இந்த வருஷம் நல்ல றைபிள் ஒண்டும் வரேல்லை, அடுத்த வருஷம் பாப்பம் என்று சொல்லுங்கள். எந்தத் துவக்கின் பெயரை அவள் சொன்னாலும் அது வெடிக்காமல் சிக்கிக்கொள்ளும் என்று சொல்லுங்கள். கரடிகளின் தொகை இம்முறை கூடிவிட்டது என்றும் ஒரு சொல் சேர்த்தால் நல்லது. அதிகம் வேண்டாம், அவள் பயப்படும் அளவுக்கு மட்டும். பயப்படுவாளோ தெரியாது, எதற்கும் சொல்லிப் பாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. குளிர்காலத்தில் உங்கள் முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள். சிஞ்ஞோர் காலோஜெரோவும் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். கனடாவில் இருப்பவர் என்றதும் வீட்டில் என்ன றைபிள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார், ஒரு நல்ல பெயராகப் பார்த்து அறிவியுங்கள். குலதெய்வம் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
கோ.

பி.கு.: உறையில் முத்திரை இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். இதை உங்கள் கையில் தந்தவள் கேசிகாதான். நாளைக்குப் பறக்கிறாள். வடக்கே போகுமுன் உங்கள் வீட்டில் தங்குவாள், அவளுக்கு இடியப்பம் விருப்பம். மேலே கேட்டவை ஒன்றையும் செய்ய வேண்டாம். றைபிளும் வேண்டாம். நான் மூடிவைத்த புத்தகத்தின் அடுத்த பக்கத்திலேயே, காவலுக்குப் பழகிய ஆள் ஒருவர் துவக்கோடு கூட வருவார், ஆராய வருகிறவர்கள் ஒருவரும் அதைத் தொடத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறதாம். கேசிகா முதல் நாளே சொன்னாளாம். நான் அப்போது சன்னத்தின் அளவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேனாம். சிஞ்ஞோர் காலோஜெரோவுக்கு இதைச் சொல்லவில்லை, அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கட்டும். கடையில் கண்டதை நினைத்து நினைத்துப் பார்த்தேன் மச்சான். துவக்கைக் கண்டதும் அட்டையைத் தேடாத பிள்ளை ஒன்று எங்கள் வீட்டில் வளர்ந்திருக்கிறது. அவள் எங்கே வேண்டுமானாலும் போய் வரட்டும். கிழிக்கச் சொன்னதையும் மறந்துவிடுங்கள். வீட்டில் பசை இருந்தும் உறையை நான் ஒட்டவில்லை. விமானத்தில் எடுத்து வாசிப்பாள். அவளிடம் நேரே சொல்ல எனக்கு வரவில்லை.