ஆறு ஆணுறைகளும் ஒரு ரப்பர் மேக்கரும்

அந்த யோசனை எனக்கு வந்தபோது கல்யாணமாகி முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு கடிதம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாக அது சொன்னது. பக்கத்தில் மூன்று ஆணுறைப் பக்கட்டுகள். அவற்றைத் திருப்பிவைத்துப் பொடி எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றுமே தம்மைத்தாமே நம்பகமானவை என்று சொல்லிக்கொண்டன. மாப்பிள்ளையைப் பற்றித் தரகர் சொன்னதையே முழுதாக நம்பாத நான், ரப்பர் தன்னைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது?

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. (விஞ்ஞான டீச்சர்களைக் கட்டிக்கொடுக்கும் முன் பெற்றோர் இதைப் பற்றி எச்சரிக்க வேண்டும்.)

விஷயம் விளையாட்டல்ல. அந்த இரண்டு வருடத்துக்குள் குழந்தை தங்கினால் படிப்பை இடையில் விட வேண்டிவரும். விட்டால் இடம் போய்விடும். கணவரின் அம்மாவான மாமியின் எண்ணமோ வேறு. கல்யாணத்துக்கு வந்த சேலைகளில் மெல்லியதாக ஒன்றைத் தனியே எடுத்து மடித்து, “இது தொட்டிலுக்கு” என்று சொல்லியிருந்தார். ஆகவே நானும் என் கணவர் ரவியும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருடத்தைக் கடத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தோம்.

மூன்று பக்கட்டுகளும் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருக்கும் யட்டவத்தையிலோ மாத்தளை டவுனிலோ வாங்க முடியாது. எந்த பார்மசிக்குப் போனாலும் உள்ளே மாமாவிடம் வேலை பார்த்த யாரோ ஒருவருடைய மகன் நிற்பான். ரவிக்குத் தம்புள்ளையில் மரக்கறி மொத்தக் கடையில் வேலை. அங்கே லொறிக்காரர்கள் வருவார்கள், போவார்கள், யாரும் யாரையும் கவனிப்பதில்லை. அங்கிருந்து விலை கூடியது ஒன்று, குறைந்தது ஒன்று என இரண்டு வகையை, லீக்ஸ் கட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். மூன்றாவது, குடும்பநல மருத்துவிச்சியான மிட்வைப் மிஸ் இலவசமாகக் கொடுத்தது. புதுப் பெண் வந்திருக்கிறாள் என்று பார்க்க வந்தவரிடம் நான் கண்ணால் பேசினேன். அனுபவசாலி. விற்றமின் குளிசை உறைக்குள் சத்தமில்லாமல் சேர்த்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மாமிக்கு ஒரே சந்தோஷம். “விற்றமின ஒழுங்கா போடும்மா” என்று தினமும் ஞாபகப்படுத்தினார்.

மாத்தளைத் தேர் அன்று எனக்கு வாய்ப்பு வந்தது. ரவி வேலைக்குப் போய்விட்டார். மாமாவும் மாமியும் தேருக்குப் புறப்பட்டார்கள். நான் தலையிடி என்றேன். மாமி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு மாதிரியாகச் சிரித்தார். தலையிடி, சோர்வு என்றால் அவருக்கு ஒரே காரணம்தான் தெரியும். தொட்டில் சேலைக்கு நாள் குறித்துக்கொண்டே அவர் படியிறங்கியது போல எனக்குப் பட்டது.

மாமா ஓய்வுபெற்ற ரப்பர் மேக்கர். தோட்டத்து பேக்டரியில் ரப்பர் பாலை உறையவைத்து, ஷீட்டாக உருட்டி, ஸ்மோக் ஹவுஸ் எனும் புகையறையில் காயவைத்து எடுப்பது அவருடைய பொறுப்பாக இருந்தது. காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, குமிழி இருக்கிறதா, தூசு இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். பென்ஷன் எடுத்து வீடு கட்டியபோது, ஷீட் காயப்போடும் நீளக் கம்புகளில் இரண்டைக் கேட்டு வாங்கிக் கொண்டுவந்து கொல்லையில் குறுக்கே கட்டியிருந்தார். உடுப்பு காயப்போடுவதற்கு.

நான் என் ஆய்வுகூடத்தை அந்தக் கம்பில்தான் அமைத்தேன்.

வகைக்கு இரண்டாக ஆறு. ஒவ்வொன்றிலும் சரியாக ஒரு லீட்டர் தண்ணீர். வாயை முடிச்சுப் போட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை அப்படியே விட்டு, மற்றதில் தேங்காய் எண்ணெய் பூசினேன். (வீட்டில் கைக்கெட்டிய வழுக்கும் பொருள் அதுதான். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.) எதிரே பலகை போட்டுக் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். காற்றில் ஆறும் பந்தல் சுரைக்காய் மாதிரி ஆடின. நோபல் பரிசு வாங்கும்போது என்ன சேலை உடுத்துவது என்று யோசிக்கும் அளவுக்கு எனக்குத் திருப்தி.

வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டபோது அது பக்கத்து வீட்டுக்கு என்று நினைத்தேன்.

தேர்க் கூட்டத்தில் யாரோ காலை மிதித்துவிட்டார்களாம். மாமியை அங்கேயே விட்டுவிட்டு, பட்டு வேட்டியும் திருநீறுமாக மாமா நொண்டி நொண்டி நேரே கொல்லைக்கு வந்துவிட்டார், கால் கழுவ. நான் எழுந்து நின்றேன். ஆறையும் மறைக்க எனக்கு அகலம் போதவில்லை.

“என்னம்மா இது?”

“பலூன் மாமா. ஸ்கூல் பிள்ளைங்களுக்கு... நீரமுக்கம் படிப்பிக்க.”

மாமா கிட்ட வந்தார். முதலாவதை இரண்டு விரலால் கிள்ளினார். முகர்ந்தார். வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பூமி தேருக்குப் போயிருந்தது.

“பலூனு இப்படி இருக்காதும்மா. பலூன்ல கனம் ஒரு எடத்துல கூடும், ஒரு எடத்துல கொறையும். இது சுத்திவர ஒரே கனம். குமிழி இல்ல. தூசு இல்ல.” குரலில் ஒரு மரியாதை வந்திருந்தது. “நம்பர் வன் சாமான்.”

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நாற்பது வருட ரப்பர், வெட்கத்தைவிடப் பலமானது. அடுத்ததற்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். “இது மிஸ் சும்மா குடுத்தது மாமா” என்று என் வாய் முந்திக்கொண்டது. அதைப் பார்த்து, “இதுவும் அதே தரந்தான். வெல கூட்டி விக்கிறவன் பக்கட்டுக்குத்தான் காசு வாங்குறான்” என்றார். நான் என்னையறியாமல் கொப்பியில் குறித்துக்கொண்டேன். எண்ணெய் பூசியதைத் தொட்டதும் கையை வெடுக்கென்று எடுத்தார்.

“இதுல என்னத்த பூசின?”

“தேங்காண்ணெ மாமா.”

“ரப்பர்லயா? படிச்ச புள்ளதான நீ? எங்க பேக்டரிக்குள்ள எண்ணெ போத்தல் கொண்டாந்தவன வாசல்லயே திருப்பி அனுப்பியிருக்கேன். எண்ணெ பட்டா ரப்பர் செத்துரும். வேணும்னா பாரு.” அவர் லேசாக இழுத்துக் காட்டினார்.

அது செத்தது. ஒரு லீட்டர் தண்ணீரும் எண்ணெயும் பட்டு வேட்டியில் இறங்கின.

அந்த நேரம் பார்த்து, “மருமகளுக்குத் தலையிடி எப்படியோன்னு பாதியில வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே அர்ச்சனைத் தட்டோடு மாமி கொல்லை வாசலில் வந்து நின்றார். நனைந்த புருஷன், கையில் கிழிந்த ரப்பர், கம்பில் இன்னும் ஐந்து, கொப்பியோடு மருமகள்.

மாமா என்னைக் காப்பாற்ற முயன்றார். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். “பலூனு. பேரன் பொறந்தா வெளையாட.”

உலகத்தில் இருந்த பொய்களிலேயே மோசமானதைத் தேடி எடுத்திருந்தார்.

மாமி தட்டைக் கீழே வைத்தார். கம்பைப் பார்த்தார். என்னிடமிருந்து கொப்பியை வாங்கிப் பார்த்தார். பக்கத்தின் தலைப்பில் நான் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்: ‘2 வருடம் – குழந்தை வேண்டாம் – எது நம்பகம்?’ அதன் கீழே மூன்று வகையும் விலையும், ‘மிஸ் தந்தது – இலவசம்’ என்பது உட்பட. என் படிப்பு அந்தக் கொல்லையோடு முடிந்தது என்று நினைத்தேன். பேராதனைக்கு எழுத வேண்டிய மறுப்புக் கடிதத்தின் முதல் வரிகூட மனதில் ஓடியது.

மாமி திரும்பியது மாமாவின் பக்கம்.

“என்னாங்க. இந்தச் சாமான் எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? அந்தக் காலத்துல டிஸ்பென்சரியில குடுத்தத எங்க வச்சீங்க?”

“இப்ப எதுக்கு அது.”

“மருமகளுக்குச் சொல்லுங்க. எங்க வச்சீங்க?”

“ஸ்மோக் ஹவுஸ்ல.”

“ஏன்?”

“வீட்டுல வச்சா பொம்பளப் புள்ளைங்க ரெண்டும் எடுத்துருவாங்கன்னு.”

“ஸ்மோக் ஹவுஸ்ல எப்படி இருக்கும்?”

“ஷீட்டு காயிற சூடு இருக்கும்.”

“அப்பறம் என்ன ஆச்சு?”

மாமா தன் ஈர வேட்டியையே பார்த்தார். “ரவி பொறந்தான்.”

நான் சிரித்திருக்கக் கூடாது. வாயைப் பொத்தினேன், மூக்கால் வந்துவிட்டது. மாமி சிரிக்கவில்லை. “அந்த வருசம் எனக்குக் கண்டியில ஆறு மாச டிரெய்னிங். முடிச்சிருந்தா புள்ளக்காம்பரா என் பொறுப்புக்கு வந்திருக்கும். ரவி வயித்துல. போகல” என்றார். வெயிலில் நின்றுகொண்டு, சமையலுக்கு உப்பு வாங்க மறந்ததைச் சொல்வது போலச் சொன்னார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அந்த வேலையில் அவர் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். என் சிரிப்பு தானாக நின்றது.

“ஒனக்கு ரெண்டு வருசமா?”

“ஆமா மாமி.”

“சரி. இதுல எது நல்லது?”

“மூணும் ஒண்ணுதான் மாமி. தண்ணி ஒரு சொட்டும் ஒழுகல. எண்ணெ படக் கூடாது, சூடு படக் கூடாது. பக்கட்டுல போட்டிருக்கிற திகதி பாக்கணும். பக்கட்ட பல்லால பிய்க்கக் கூடாது.”

“அப்ப தப்பு சாமான்ல இல்ல. வச்சிருக்கிற ஆளுலதான்.” மாமாவை ஒரு பார்வை. “மிஸ் சும்மா குடுக்குறதே போதும். என் அலுமாரியில வை. வீட்டுலயே சூடு படாத எடம் அதுதான்.”

அப்படித்தான் என் தண்டனை ஆரம்பமானது. அலுமாரிக்குப் பூட்டு உண்டு. சாவி மாமியின் இடுப்பில். பேராதனையில் ஆராய்ச்சி முறைகள் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், இரண்டு வருடம், மாலைத் தேத்தண்ணீரோடு மாமியிடம் போய், “மாமி, சாவி” என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். மாமி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் எடுத்துக் கொடுப்பார். சில நாட்களில், “இன்னைக்குமா?” என்பார். அவ்வளவுதான்.

அன்று பொழுதுபட வீட்டுக்கு வந்த ரவிக்கு, எல்லோரும் ஏன் தன்னை அப்படிப் பார்க்கிறார்கள் என்று புரியவில்லை. விஷயம் தெரிந்த அவருடைய அக்காமார் இரண்டு பேரும் அடுத்த வாரத்திலிருந்து அவரை “ஸ்மோக் ஹவுஸ்” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்றும் அதுதான் பெயர். குடும்ப வட்ஸ்அப் குழுவில்கூட அப்படித்தான் சேமித்திருக்கிறார்கள். படிப்பை முடித்தேன். பிறகு, நாங்கள் நினைத்த வருடத்தில், மகள் பிறந்தாள். அந்த மெல்லிய சேலையில்தான் ஆடினாள். எனக்கு அந்தக் கொல்லை இப்போதும் அடிக்கடி ஞாபகம் வரும், அந்த வெயில், எண்ணெய் மணம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்ற மாமா.

இப்போது புதிய வேலை ஒன்று வந்திருக்கிறது. மிட்வைப் மிஸ் வில்கமுவப் பக்கத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அங்கே புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு ஒரு கூட்டம் வைக்கிறாராம். “நீங்க வந்து, தண்ணியும் எண்ணெயும் வச்சு அந்தச் சோதனைய செஞ்சு காட்டணும் டீச்சர்” என்றார். சிங்களத்தில் பேச வேண்டும். பஸ் குறைவு. நான் உடனே சரி என்றேன்.

மாமா தானும் வருவதாகச் சொல்கிறார். ரப்பர் பாலில் இருந்து ஆரம்பித்து ஒரு மணித்தியாலம் பேசுவாராம். பால் வெட்டும் கத்திகூட எடுத்து வைத்துவிட்டார். நேற்று மாமி தன் நல்ல சேலையை ஸ்திரி போடக் கொடுத்தார். எங்கே என்று கேட்டேன்.

“நானும் வாறேன். ரப்பரப் பத்தி இவரு பேசட்டும். மிச்சத்த நான் பேசுறேன்” என்றார்.