பாலத்தைத் தொலைத்த மாப்பிள்ளை

ஒன்றைப் பற்றி நிறையப் படித்தவனிடம் அதற்கு வழி கேட்கக் கூடாது. இதற்கு நானே சாட்சி.

எழுபதுகளின் கடைசியில் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ஹட்டனுக்கு அப்பால் ஒரு பட்டணத்தில் இருந்த பழைய கொங்கிரீட் பாலத்தைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்திருந்தேன். எந்த ஆண்டு தொடங்கினார்கள், எந்த மாதம் முடித்தார்கள், முதலில் கடந்த மாட்டின் நிறம் (சரி, மாடு என் கைச்சரக்கு) எல்லாம் மனப்பாடம். நேரில் பார்த்ததில்லை. ஒரு புகைப்படம் கண்டிருந்தேன்: ஆற்றின் மேல் பாதி நிலாவைக் கவிழ்த்தது போல ஒற்றை வளைவு.

அப்போது எனக்கு மேரியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அப்பா தோட்டத்தில் வேலைகளை மேற்பார்வையிடும் கண்டாக்கு. சம்மதம் சொல்லாமல் இழுத்தடித்தார். "படிச்ச பையன்தான். வெவரம் இருக்கான்னு பாக்கணும். அந்தப் பாலத்தக் காட்டுங்க தம்பி, போவோம்" என்றார். மகளும் வந்தாள்.

அன்று பட்டணத்தில் நல்ல பனிமூட்டம். பஸ்ஸை விட்டிறங்கி, இருபுறமும் இடுப்புயரச் சுவர் வைத்த ஒரு தெருவில் அவர்களை நடத்திப் போனேன். பாதி நிலாவைக் காணோம். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். கால் தடுமாறினாலும் வாய் வரலாறு சொல்லிக்கொண்டே இருந்தது.

"இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?"

"இந்தா வந்துருச்சுங்கையா. தண்ணிச் சத்தம் கேக்குது பாருங்க" என்றேன், பெருமையாக.

சுவரோரம் கடலை விற்ற நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "என்ன தம்பி, போறீங்க, வாறீங்க. ஏதும் தொலைஞ்சு போச்சா?"

"பழைய பாலம் எங்க இருக்கு நானா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். "அது மேலதானே நிக்கிறீங்க!"

(வளைவு அடியில் இருக்கும், மேலே நிற்பவனுக்குத் தெரியாது. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.)

மேரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்டாக்கு சிரிக்கவில்லை. ஹட்டன் வரை பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டே வந்தார். சம்பந்தம் ஆற்றோடு போயிற்று என்றே நினைத்தேன்.

இறங்கியதும் என் பக்கம் திரும்பினார்: "எத்தனையோ மாப்பிள்ளைங்க வந்தாங்க. ஒருத்தரப் பாத்தும் இவ சிரிக்கல. உங்களுக்கு வழி தெரியாது தம்பி, பரவாயில்ல, அவளுக்குத் தெரியும். மாதா கோயில்ல, பூசையில கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிருவோம்."

இன்றும் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவேன். பிள்ளைகள் உதவிக்கு எழுந்தால் மேரி விடமாட்டாள்.

"நீங்க உக்காருங்க. அப்பா பாலத்து மேல நிக்கிறாரு."