சர்க்காரிடம் ஒரு நகல் இருக்குமே

வாங்க கண்ணுகளா, எல்லாரும் சுகந்தானே? முட்டிவலி, சளி, இருமல் ஒன்றும் இல்லையே? இங்கே குன்னூர்ப் பக்கம் மழையும் மேகமும் விட்டபாடில்லை, துவைத்த துணி காய மாட்டேன் என்கிறது. அது கிடக்கட்டும். இந்துமதியின் போன் டீத்தூளாகப் போன கதையைக் கேளுங்கள்.

இந்துமதிக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. வாடிய கொழுந்தை அரைக்கிற மெஷினுக்குத் தள்ளிவிட வேண்டும். திங்கட்கிழமை காலை அப்படிக் குனிந்தபோது இடுப்பிலிருந்த போன் நழுவி, கொழுந்தோடு கொழுந்தாகப் போய்ச் சேர்ந்தது. மெஷின் ஓர் ஊளையிட்டு நின்றது. சூப்பர்வைசர் மிச்சத்தை ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு வந்தார்.

"இந்தாம்மா உன் போனு. நல்ல டஸ்ட் கிரேடா வந்திருக்கு."

போன் போனதுகூடப் பெரிதில்லை. அதற்குள் இருந்த ஒரு வாய்ஸ் மெசேஜ் போனதுதான் அவளுக்குப் பெரிய நஷ்டம்.

போன மாதம் அவள் புருஷன் ராஜரத்தினத்துக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன். தியேட்டருக்குள் போகுமுன் பயத்தில் மனிதர் ஒரு மெசேஜ் அனுப்பினார். "இந்து, நான் பொழைச்சு வந்தா நம்ம கலைமதியை அவ கேட்ட கோயம்புத்தூர் காலேஜுலயே சேர்த்துடறேன். சத்தியம்."

பிழைத்து வந்தார். வந்ததும் தன் போனில் இருந்ததை அழித்தார். "படிச்சது போதும். தோட்ட ஆபீஸ்ல வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்று மகளிடம் சொல்லியும் விட்டார். இந்துமதிதான் தினமும் சோறு போடும்போது அந்த மெசேஜையும் போட்டு, கொஞ்சங்கொஞ்சமாக அவரை வழிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். காலேஜில் சேர வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

போன் தூளான செய்தி கேட்ட அன்று ராஜரத்தினம் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

"நான் சொன்னேனா? எப்ப? ஆதாரம் காட்டு."

"அடப்பாவி மனுஷா, சத்தியம் பண்ணினீங்களே!"

"ஆஸ்பத்திரியில ஊசி போட்டா மனுஷன் என்னத்தையாவது உளறத்தான் செய்வான்."

போன் ரிப்பேர் கடைக்காரர் முறத்தை எட்டிப் பார்த்தார். "பேக்கப் இருக்கும்க்கா. பாஸ்வேர்டு சொல்லுங்க."

"அதை அந்த போன்லதானே எழுதி வச்சிருந்தேன்."

கடைக்காரர் மரியாதையோடு முறத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்து வீட்டு டக்ளஸ் டிவி முன்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். டக்ளஸ்தான் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர்.

"பார்த்தீங்களா அநியாயத்தை! கவர்மெண்டு ரகசியமா ஒரு கருவி வச்சிருக்காம். நம்ம போனுக்குள்ள நமக்கே தெரியாம பூந்து எல்லாத்தையும் நகல் எடுத்துருமாம்!"

கூடியிருந்தவர்கள் நடுங்கினார்கள். இந்துமதி எழுந்து நின்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"எல்லாத்தையுமா? வாய்ஸ் மெசேஜையுமா?"

"எல்லாத்தையும்!"

"அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். "பத்திரமா வச்சிருப்பாங்கல்ல?"

யாரிடம் கேட்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கடைவீதி டீக்கடையில் மங்கி குல்லாயும் மஃப்ளருமாக ஒச்சப்பன் உட்கார்ந்திருப்பார். உசிலம்பட்டிக்காரர். ரகசியப் போலீஸ். வெளியே இன்சூரன்ஸ் ஏஜெண்டு என்று பேர். ஊரில் ஒருத்தரும் அவரிடம் பாலிசி எடுத்ததில்லை. ஆனால் ஊர்வலம் என்றால் முதல் தகவல் அவருக்குத்தான். குளிரில் மனிதர் அலையக் கூடாதே என்று சங்கத்திலிருந்தே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார்கள்.

"அண்ணே, என் போன் தூளாப் போச்சு. நீங்க எடுத்து வச்சிருக்கிறதுல ஒரு நகல் போட்டுக் குடுங்க."

"என்னத்த நகலு? நான் இன்சூரன்ஸும்மா."

"சரிண்ணே. இன்சூரன்ஸ்ல இருக்கிற நகலே குடுங்க."

ஒச்சப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். "தாயி, அந்த மாதிரிக் கருவியெல்லாம் கவர்மெண்டுகிட்ட கிடையவே கிடையாது."

"அப்படித்தான் சொல்லச் சொல்லி உங்களுக்கு உத்தரவு. தெரியும்ணே. மத்தவங்களோடதை நான் கேக்கல. என்னோடதுல ஒரே ஒரு மெசேஜு. டக்ளஸ் அண்ணன் மாதிரி நான் சண்டைக்கு வரல. உங்களை நம்பி வந்திருக்கேன்."

ஒச்சப்பன் சர்வீசுக்கு வந்த நாளிலிருந்து 'உங்களை நம்பி' என்று ஒருத்தரும் அவரிடம் சொன்னதில்லை. மஃப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். அந்தத் தடுமாற்றத்தில், "பாப்போம் தாயி" என்று சொல்லித் தொலைத்தார்.

வீட்டுக்கு வந்த இந்துமதி புருஷனிடம், "நகல் எடுத்துத் தர்றாங்களாம்" என்றாள்.

"யாரு?"

"கவர்மெண்டு."

ராஜரத்தினத்துக்கு அன்று தோசை இறங்கவில்லை. அந்த மெசேஜ் மட்டுமா? மேனேஜரைப் பற்றிப் பேசியது, மச்சானைப் பற்றிப் பேசியது, மேனேஜரையும் மச்சானையும் சேர்த்துப் பேசியது எல்லாம் கண்முன் வந்து போயின. காலையில் கேத்தித் தோட்டத்துக் கேரட் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினார்.

"சார், அதை அழிச்சிடுங்க சார்."

"எதைய்யா?"

"என் சம்சாரம் கேட்டதை. ஆஸ்பத்திரி மெசேஜை."

"யோவ், எங்ககிட்ட ஒண்ணும் இல்லய்யா!"

"இன்னும் ஒரு பை கொண்டு வர்றேன் சார். பீன்ஸும் இருக்கு."

டீக்கடை முழுக்க வேடிக்கை பார்த்தது. ஒச்சப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "அழிச்சாச்சுய்யா! எல்லாத்தையும் அழிச்சாச்சு! போய்யா!"

ராஜரத்தினம் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அழிச்சுட்டாங்க!"

"எதைப்பா?" என்றாள் கலைமதி.

"அந்த மெசேஜைத்தான்."

"நீங்க சொல்லவே இல்லைன்னீங்க?"

ராஜரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆமா. சொல்லாததைத்தான் அழிச்சாங்க."

இந்துமதிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கரண்டி அடுப்பில் விழுந்தது. "என் போன்ல இருந்த சாமான். என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி அழிக்கலாம்? நம்பி வச்ச இடத்துலயே இப்படியா?"

டக்ளஸுக்கு இது போதாதா? வியாழக்கிழமை காலை லயமே திரண்டு ஊட்டி மினி பஸ்ஸில் ஏறியது. இந்துமதிக்குத் துணையாக என்று கிளம்பினாலும் ஆளுக்கொரு தேவை இருந்தது. விஜயாவுக்குத் தம்பி கல்யாண வீடியோ வேண்டும். தாயம்மாளுக்கு மறந்துபோன ஏடிஎம் நம்பர் வேண்டும். அழித்ததை இவர்கள் திரும்ப வாங்கிவிடப் போகிறார்களே என்ற பயத்தில் ராஜரத்தினமும் பின்சீட்டில் தொற்றிக்கொண்டார்.

ரகசியப் பிரிவு ஆபீசுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கண்டக்டர், "ரகசிய ஆபீஸெல்லாம் எறங்குங்க!" என்று விசில் அடித்தார்.

வாசலில் ரேணுகா என்கிற பெண் போலீஸ் எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக்கொண்டாள். உள்ளே ஒச்சப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அழிச்சதைத் திருப்பிக் குடு!" என்று கோஷம் போட்டார் டக்ளஸ்.

"என் வீடியோ!"

"என் நம்பரு!"

ஒச்சப்பன் எழுந்தார். "வாங்க. எல்லாரும் உள்ள வாங்க. வந்து பாருங்க."

காட்டினார். மேகம் உள்ளே வந்து ஈரமாகிவிடும் என்று சாக்குப் போட்டு மூடிய ஒரு கம்ப்யூட்டர். அதை எழுப்ப அவரே முதுகில் தட்ட வேண்டியிருந்தது, அப்படியும் எழுந்திருக்கவில்லை. பிரிண்டர் மேல் யாருடைய காலுறையோ காய்ந்துகொண்டிருந்தது.

"இதை வச்சா உங்க போனுக்குள்ள பூருவோம்? என் போன்ல நெட்டு தீந்து கெடக்கு. ரீசார்ஜ் பண்ண ஆளில்ல. நீங்க ஊர்வலம் போறதை நீங்களே வந்து சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும் தாயி!"

கூட்டம் ஒவ்வொருவராகச் சாக்கைத் தூக்கிப் பார்த்தது.

"அட பாவமே" என்றாள் தாயம்மாள்.

எல்லாரையும்விட உடைந்துபோனவர் டக்ளஸ்தான். "அப்ப நான் இத்தனை வருஷமா போன்ல பேசின அரசியலு? ஒருத்தன்கூடக் கேக்கலியா?"

"மன்னிச்சுக்கங்க தோழர்" என்றார் ஒச்சப்பன்.

விஜயா தன் பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தாள். "சாப்பிடுங்கண்ணே. உடம்பைப் பார்த்துக்கங்க." சர்க்கார் மேல் இருந்த பயமும் நம்பிக்கையும் ஒன்றாகக் கழன்று விழ, எல்லாரும் துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் மாதிரி வெளியே வந்தார்கள்.

இந்துமதி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாளைக்குக் கடைசி நாள். கையில் ஒன்றும் இல்லை. கலைமதி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ராஜரத்தினம் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "கேட்டுக்கிட்டியா? கவர்மெண்டே சொல்லிருச்சு, இல்லைன்னு. இனி அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. திங்கக்கிழமை தோட்ட ஆபீஸுக்குக் கெளம்பு பிள்ளை."

ரேணுகா வாளியைத் துழாவி அவருடைய போனை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தவள் கையை எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஏனுங்ணா, புள்ளையக் காலேஜுக்கு அனுப்பி வெய்ங்க. நீங்க அக்காவுக்கு அனுப்பினதுகூடப் பரவால்லீங்க. அதுக்கு முன்னாடி, 'எம்புள்ளையப் பிரிஞ்சு எப்படி இருப்பேன்'னு அழுதுட்டே பேசி, அனுப்பாமயே அழிச்சீங்க பாருங்க ரெண்டு, அதைக் கேட்டுப்போட்டு அன்னிக்கு எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் சோறு எறங்கலீங்க."

உங்கள் வீட்டிலும் இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தால் எழுதிப் போடுங்கள் கண்ணுகளா. போனில் மட்டும் சொல்ல வேண்டாம்.