பங்கேற்றவர்: ஒருவர்

பெரிய காஞ்சிபுரம்,
14 செப்டம்பர் 2025, ஞாயிறு.
இன்று எனக்கு வயது எழுபத்தெட்டு, மூன்று மாதம், ஒன்பது நாள்.

அன்புள்ள தம்பி மாணிக்கவாசகத்துக்கு,

நலம். நீயும் நலமென்று நாள்தோறும் நீ அனுப்பும் ரோஜாப்பூப் படங்களால் அறிகிறேன். அவற்றை நிறுத்திவிட்டு ஆண்டுக்கொரு முறை இரண்டு வரி எழுதலாம். "கோயம்புத்தூருக்கு வந்துவிடு, அங்கே தனியாக என்ன செய்கிறாய்?" என்று போன மாதம் கேட்டாய். என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

நம் தெருக்கோடிக் காலியிடத்தை என்ன செய்யலாம் என்று நகர நிர்வாகம் இணையத்தில் மக்களிடமே வாக்குக் கேட்டது. முப்பது ஆண்டு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவள், ஆட்சியில் குடிமக்கள் பங்கேற்பு பற்றிக் கட்டுரை வாசித்தவள் என்ற முறையில் மகிழ்ந்தேன். விருப்பங்களைப் படிக்கும்வரை அம்மகிழ்ச்சி நீடித்தது: கார் நிறுத்துமிடம், பூங்கா, செல்ஃபி மேடை. விடியற்காலையில் தெருக்காரர்கள் அங்கே பாவு போடுவது, அதாவது சேலையின் நெடுக்கு நூலை நீளமாக இழுத்துக் கட்டிச் சிக்கெடுப்பது, எதிலும் இல்லை. "மற்றவை" என்ற பெட்டியில் நாமே எழுத வேண்டுமாம்.

"அதுல நம்ம எடம் எங்கம்மா இருக்குது?" என்று பக்கத்து வீட்டுத் தறிக்காரர் சிவராஜ் கைபேசியோடு வந்தார், அவர் பின்னால் தெருவே வந்தது, நாற்பத்தொரு கைபேசி, கூடத்தில் கால் வைக்க இடமில்லை, எதிர்வீட்டு அம்சவேணி "டீச்சரம்மா, ஓ.டி.பி. நம்பர் வந்துக்கினே இருக்குது, ஒண்ணப் படிக்கறதுக்குள்ள இன்னொண்ணு வந்துடுதும்மா" என்று அலற, கண்ணாடியை எங்கோ வைத்துவிட்ட நான் கோடிவீட்டு நெசவாளர் கந்தனின் கைபேசியில் பூங்காவை அழுத்திவிட, "நான் எதுக்குமா பார்க்குல குந்திக்கினு இருக்கணும்? என் தறிய பார்க்கா நெய்யும்?" என்று அவர் சண்டைக்கு நிற்க, இப்படியே மூன்று வாரம் போயிற்று. வாசற்கதவைச் சாத்தவே இல்லை.

அடுத்து இணையவழி மக்கள் மன்றம். என் மடிக்கணினி ஒன்றுதான் வேலை செய்தது; அதன் முன்னால் நாற்பத்திரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றோம். சிவராஜ் பத்து நிமிடம் அருமையாகப் பேசினார். எங்கள் ஒலியை அந்தப் பக்கம் அடைத்து வைத்திருந்தார்கள். அதிகாரி எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். மறுநாள் வெளிப்படைத்தன்மைக்காக வெளியிட்ட நடவடிக்கைக் குறிப்பில் "பங்கேற்றவர்: ஒருவர்" என்று இருந்தது. எனக்குச் சான்றிதழும் வந்தது.

முடிவு: கார் நிறுத்துமிடம் 612, மற்றவை 41, பூங்கா 1. பட்டுக்கடைகளில் பில் போடும் இடத்தில் வாக்கெடுப்பின் ஸ்கேன் அட்டையை ஒட்டியிருக்கிறார்கள். கல்யாணச் சேலை வாங்க வந்த வெளியூர்க்காரர்களெல்லாம், காரை நிறுத்த முடியாத கோபத்தில், நம் தெருவின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீ எந்த ஊர் என்று அந்த இணையதளம் யாரையும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து இங்கே யாரும் வருவதில்லை. குற்றம் சொல்ல மாட்டேன். வந்த வேலை முடிந்தது. அம்சவேணி மறந்துவிட்டுப் போன எவர்சில்வர் தூக்கு ஒன்று இருக்கிறது. நானாகக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. விடியலில் பாவு போடும்போது அவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது என் ஜன்னலுக்குக் கேட்கும். அதுவும் நின்றால் இந்த வீட்டில் குரல் கொடுப்பது குக்கர் மட்டும்தான். இதை இரக்கத்துக்காக எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

உன் மனைவி கலைவாணிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், படிப்பதைக் கொஞ்சம் நம்பவும் செய்யட்டும். நீ வந்து பார்க்க இங்கே ஒன்றுமில்லை. வீண் அலைச்சல் வேண்டாம்.

உன் அக்கா,
சம்பூர்ணம், எம்.ஏ.

பின்குறிப்பு: அந்த இடம் அரசுப் புறம்போக்கு அன்று. 1979இல் அப்பா நம் இருவர் பெயரிலும் வாங்கியது. பத்திரம் என் பீரோவில் இருக்கிறது. பட்டா மாற்றாததால் அரசுக்குத் தெரியாது. தெரிந்தால் விற்றுவிடுவாய் என்பதால் உனக்கும் இத்தனை வருடம் சொல்லவில்லை. வாக்கெடுப்பில் ஜெயித்தால் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். ஆட்சேபத்தைப் பத்திரத்தோடு இணையத்தில் ஏற்ற இன்னும் பத்து நாள் இருக்கிறது. உரிமையாளர் இருவரும் கையொப்பமிட வேண்டும். ஆதார் வழியாகக் கோயம்புத்தூரிலிருந்தே நீ கையொப்பமிடலாம், அந்த வசதியும் உண்டு. ஆட்சேபப் படிவத்தில் நீ நேரில் வருவதாக நான் குறித்திருக்கிறேன்.