முன்பக்கம் மட்டும் உள்ள வீடு

காஜா பேராங், மலாக்கா.
வெள்ளிக்கிழமை, 1943. (ஜப்பான் கணக்குப்படி 2603 என்றுதான் இப்போது எழுத வேண்டுமாம். எனக்கு அது இன்னும் பழகவில்லை.)

அன்பும் மரியாதையும் கொண்ட நடராஜ மாமாவுக்கும் கோகிலா அத்தைக்கும், மருமகள் சந்திரமதி வணங்கி எழுதுவது.

சிரம்பானில் நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜாலான் துக்காங் எமாஸ் கோயில் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே எங்கள் வீட்டின் முன்பக்கம் மிகவும் நலம். பின்பக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஆறாவதோடு பள்ளியை விட்டவள். யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. வாய் திறந்து பேசவும் வராது என்பது உங்களுக்கே தெரியும். போன முறை நீங்கள் வந்தபோது மூன்று நாளும் நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன். இப்போது அப்படி நிற்கவும் வழியில்லை, அந்தக் கதவும் போய்விட்டது. அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அம்மா சொல்வதில் பாதி எழுதக்கூடியதாக இல்லை, அதை விட்டுவிட்டேன். தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் நாளைக் காலை சேதுபதி அண்ணனின் கரியில் ஓடும் லாரியில் கொடுத்தனுப்புகிறோம். அப்பாவுக்குத் தெரியாது. அவர் இந்த நேரத்தில் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாமா, செவ்வாய்க்கிழமைக்குள் நீங்கள் எப்படியாவது வந்துவிட வேண்டும். ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

பங்குனி மாதத்தில் தம்பிராஜா என்பவர் தேங்காய் எண்ணெய் விற்க எங்கள் வீட்டுப் பின்சந்து வழியாக வந்தார். அவருக்குக் குருபோங்கில் இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு குடிசையும் இருக்கின்றன. மனைவிக்கு இழுப்பு நோய், அடிக்கடி டவுன் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருப்பதால் டவுனில் ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் மரவள்ளியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், தகரக் குளிப்பறையைப் பார்த்தார், அடுப்படியில் அம்மாவிடம் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார், அங்கேயே நின்று, "இந்த வீட்ட எனக்குக் குடுங்க, ஒன்றரை ஏக்கர் எழுதித் தர்றேன்" என்றார். அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாமா, இதை நீங்கள் கவலைப்படாமல் படிக்க வேண்டும்: அம்மாவுக்கு இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. மரவள்ளியை மட்டும் தின்றால் அப்படித்தான் ஆகும், கச்சான் கடலையும் கீரையும் பயறும் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரி டிரஸர் சொன்னார். அதை எங்கே போய் வாங்குவது? நிலம் இருந்தால் நாமே போடலாம். அதனால் அம்மா அன்றைக்கே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். ஆனால் அப்பா தம்பிராஜாவை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து அம்மாவிடம், "ஒன்றரையா? கொஞ்சம் மதிப்ப ஏத்துனா ரெண்டு ஏக்கரையும் குடுப்பான். கச்சான் போடுற மண்ணு அந்த அரை ஏக்கர்லதான் இருக்கு, பாக்கியம்" என்றார். ஒரு மாதத் தவணை கேட்டார். எங்கள் கேடு அங்கே தொடங்கியது.

அப்பா பத்தொன்பது வருஷம் வீட்டு வரி மதிப்பீட்டுக் கிராணியாக இருந்தவர் அல்லவா. எந்த வீட்டுக்கு என்ன மதிப்பு என்று நோட்டில் குறித்துக்கொண்டு வருவதுதான் வேலை. இந்த ஊரில் அவர் மதிப்புப் போடாத வீடு இல்லை. ஆனால் அப்பாவுக்கு நாய் என்றால் பயம். ஆகவே பத்தொன்பது வருஷமும் சாலையில் நின்றபடியேதான் மதிப்புப் போட்டிருக்கிறார். ஒரு வீட்டின் பின்பக்கத்தையும் அவர் பார்த்ததே இல்லை. இதை அம்மா இப்போதுதான் கண்டுபிடித்தாள். "வாங்க வர்றவன் அடுப்படி வழியாவா வருவான்? வீட்டுக்கு மதிப்பே முகத்துல இருக்கு" என்று அப்பா சொன்னபோது, "அந்த ஆளு அடுப்படி வழியாத்தானே வந்தாரு!" என்று அம்மா கத்தினாள். அப்பா அதற்குள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முதலில் முகப்புப் பந்தல். வாகன முகப்பு உள்ள வீட்டுக்குக் கூடுதல் மதிப்பாம். எங்களிடம் வாகனம் இல்லையே என்றால், வாகனம் வேறு, முகப்பு வேறு என்கிறார். பந்தலுக்குத் தகரம் வேண்டும். இன்றைக்கு மலாக்கா முழுக்கத் தேடினாலும் ஒரு தகரம் கிடைக்காது. ஆகவே என் குளிப்பறையின் நான்கு தகரங்களும் முன்னால் போய்க் கூரையாகிவிட்டன. என் துண்டை மாட்டும் ஆணி பந்தலில் தலைகீழாகத் தொங்குகிறது, போகிற வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்கு உயிரே போகிறது. இப்போது நான் குளிப்பதற்குப் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்காவிடம் போகிறேன். அவர்கள் இந்தக் காஜா பேராங் செட்டிகள். நம்மைப் போலவே திருநீறு பூசி மாரியம்மனைக் கும்பிடுவார்கள், பேச்சு மட்டும் முழுக்க மலாய். நல்லவர்தான். ஆனால் அவர் வீட்டு வாசலுக்குப் போக வாளியைத் தூக்கிக்கொண்டு காப்பிக்கடை முன்னால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். முதல் நாள் போனபோது கடையில் இருந்த அத்தனை பேரும் காப்பியை வைத்துவிட்டு எனக்கு வழிவிட்டு எழுந்து நின்றார்கள். அதற்குப் பிறகு நான் வாரத்துக்கு இரண்டு முறைதான் குளிக்கிறேன்.

பந்தல் ஆனதும் படிக்கட்டு. மூன்று படி வைத்தால் வீடு உயர்ந்து தெரியுமாம். செங்கல்லுக்குக் கிணற்றுச் சுவரை உடைத்தார். இப்போது கிணறு வெறும் குழி, அம்மா தண்ணீர் இறைக்கும்போது நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. பிறகு சன்னலுக்கு இரட்டைக் கதவு. அதற்கு அடுப்படிக் கதவை நடுவில் அறுத்தார். பிறகு முன்திண்டுக்கு இரண்டு தூண். அதற்கு அடுப்படிக் கூரையைத் தாங்கிய மரங்களை உருவினார். உருவியதும் அத்தாப்பு ஓலைக் கூரை மெல்ல உட்கார்ந்துவிட்டது. அம்மா இப்போது குடை பிடித்துச் சமைக்கிறாள். ஒரு கை குடையிலும் ஒரு கை கரண்டியிலும் இருப்பதால் அப்பாவை அடிக்க மூன்றாவது கை இல்லை என்கிறாள். சுண்ணாம்புக்கு நீலம் கலந்து அடித்தார். தூணுக்கு மட்டும் ரோஜா நிறம். அது என் பாவாடையை ஊறவைத்து எடுத்த சாயம். அத்துடன் நின்றாரா? "முன்னாடி காய்கறிச் செடி இருந்தா அரை மதிப்பு போயிடும்" என்று சொல்லி, பின்சந்திலிருந்து வாசல் வரை இருந்த மரவள்ளி அத்தனையையும் பிடுங்கிவிட்டுக் காசித்தும்பை நட்டார். அன்றைக்கு அம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அந்தக் காசித்தும்பையில் ஒன்றைப் பிடுங்கி மென்று பார்த்துவிட்டுத் துப்பினாள்.

பொன்னம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு மலாயில் என்னமோ சொன்னார். வீடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது, உள்ளே இருப்பவர்கள்தான் நனைந்த ஆடு மாதிரி இருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு குரலைத் தாழ்த்தி, ஊரில் எல்லோரும் தங்கள் வீட்டை அசிங்கமாக வைத்திருக்கும்போது உன் அப்பாவுக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டார். அது உண்மைதான் மாமா. நல்ல வீடாகப் பார்த்து ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் இந்தத் தெருவில் ஒருவரும் வேலியைக்கூடச் செப்பனிடுவதில்லை. பொன்னம்மா அக்கா தன் வீட்டு முன்சுவரில் தானே சாணியைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். அந்த வரிசையில் எங்கள் வீடு நீலமும் ரோஜாவுமாக நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தவணை முடிந்து தம்பிராஜா வந்தார். பின்சந்து வழியாகத்தான் வரப் பார்த்திருக்கிறார். அப்பா முச்சந்தியிலேயே நின்று அவரை மடக்கிச் சாலை வழியாகக் கூட்டி வந்தார். தம்பிராஜா பந்தலைப் பார்த்தார், படியைப் பார்த்தார், தூணைத் தொட்டார், விரலில் ரோஜா நிறம் ஒட்டிக்கொண்டது.

"எப்படிங்க?" என்றார் அப்பா.

"நல்லாத்தான் இருக்கு. மரவள்ளி எங்க?"

"அதெல்லாம் முகப்புக்கு ஆகாது. இந்தப் படிய கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். கிணறு எங்க?"

"அதுலதான் இப்ப நீங்க நிக்கிறீங்க" என்று உள்ளேயிருந்து அம்மா சொன்னாள்.

தம்பிராஜா விறுவிறுவென்று உள்ளே நடந்தார். முன்னறையைத் தாண்டி ஓர் அடி வைத்தவர் வானத்துக்குக் கீழே நின்றார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அம்மா குடையோடு திரும்பிப் பார்த்தாள். நான் கொல்லைப் பலா மரத்துக்குப் பின்னால் இருந்தேன். அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"அய்யா, நான் கேட்ட வீடு இது இல்லைங்களே. நான் கேட்டது பின்னாடி இருந்த வீடு. மறைவா ஒரு கிணறு, நாலு கிழங்கு, பொம்பளைங்க குளிக்க ஒரு எடம். இந்தக் காலத்துல முகப்ப வச்சிக்கிட்டு நான் என்னாங்க செய்ய? வழியில போற சோல்ஜர கூப்பிட்டு ஒக்கார வைக்கவா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒன்றரையும் போயிற்று. அப்பா அன்று மாலை வரை படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, நான்காவது படி ஒன்று வைத்திருக்க வேண்டும் என்றார்.

நேற்று வியாழக்கிழமை. காலையில் ஒரு கார் எங்கள் வீட்டு முன் நின்றது. யாரும் இறங்கவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டுப் போயிற்று. மத்தியானம் ஒருவன் வந்து ரோஜாத் தூணில் ஒரு தாளை ஒட்டினான். சீன மருந்துக் கடை முதலாளி தவுக்கேயைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னோம். அதிகாரிகள் குடியிருக்க இந்த வீடு வேண்டியிருக்கிறது, செவ்வாய்க்கிழமை பார்வையிட வருவார்கள் என்று எழுதியிருக்கிறதாம். பார்த்துப் பிடித்துவிட்டால் மூன்று நாளில் காலி செய்ய வேண்டுமாம். குருபோங்கும் இல்லை, காஜா பேராங்கும் இல்லை. அம்மாவால் பத்து வீடு தூரம்கூட நடக்க முடியாது. இத்தனைக்குப் பிறகும் அப்பா என்னிடம் வந்து ரகசியமாக, "பாத்தியா சந்திரா, ஜப்பான்காரனே நம்ம வீட்டுக்கு மதிப்புப் போட்டுட்டான்" என்றார்.  ஆனால் இரவில் அவர் சாப்பிடவில்லை மாமா. தன் கிழங்கை அம்மா தட்டில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

ஆகையால் உடனே வாருங்கள். வரும்போது ஒரு கடப்பாரை கொண்டுவாருங்கள். முகப்பை இடித்து வீட்டைப் பழையபடி அசிங்கமாக்கித் தர வேண்டும். அது முடியாவிட்டால் அம்மாவை மட்டுமாவது சிரம்பானுக்கு அழைத்துப் போங்கள். நான் எங்கேயாவது ஒரு கதவுக்குப் பின்னால் இருந்துகொள்வேன்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இல்லம் பின்கட்டு வரை எந்தக் குறையும் இல்லாமல் நிலைத்திருக்க வேண்டும் என்று அம்மா தன் வாயால் வாழ்த்துகிறாள்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
சந்திரமதி.

பின்குறிப்பு: புதன்கிழமை. மாமா, வர வேண்டாம். சேதுபதி அண்ணனின் லாரி சனிக்கிழமை கிளம்பவே இல்லை, கரி ஈரமாம். அதனால் கடிதம் இங்கேயே கிடந்தது. நேற்று அவர்கள் வந்தார்கள். அதிகாரி முகப்பைப் பார்த்துத் தலையசைத்தார், படியேறினார், தூணுக்குப் பக்கத்தில் நின்று தன் கையுறையில் ரோஜா நிறத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே நடந்து, தம்பிராஜா நின்ற அதே இடத்தில் வானத்துக்குக் கீழே நின்றார். "மண்டி மானா?" என்று கேட்டார். குளிக்கும் இடம் எங்கே என்று கேட்கிறார். அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா குடையை நழுவவிட்டாள். அவர் இன்னும் சத்தமாகக் கேட்டார். யாரும் வாய் திறக்காவிட்டால் அடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. பலா மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டேன். குளிப்பறை இல்லை, அப்பா அதை வாசல் கூரையாக்கிவிட்டார் என்று பொன்னம்மா அக்காவிடம் கற்ற மலாயில் சொன்னேன். முன்னால் கூட்டிப்போய் என் துண்டு மாட்டும் ஆணியையும் காட்டினேன். அதிகாரி வெகுநேரம் அண்ணாந்து ஆணியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். தூணில் ஒட்டிய தாளின் மேல் இரண்டு எழுத்து எழுதும்படி கூட வந்தவனிடம் சொல்லி, சிவப்பு முத்திரை குத்திவிட்டுப் போய்விட்டார். தவுக்கே மறுபடியும் வந்து படித்தார்: வேண்டாம்.

செய்தி குருபோங்குக்கு எப்படிப் போனதோ, பொழுது சாயுமுன் தம்பிராஜா மாட்டுவண்டியோடு வந்து நின்றார். "வேணாம்னு ஜப்பான்காரனே முத்திர குத்திக் குடுத்த வீடு மலாக்காவுலயே இது ஒண்ணுதான்! பின்பக்கத்த நான் கட்டிக்கிறேன். ரெண்டு ஏக்கரும் எடுத்துக்குங்க, அந்தத் தாள மட்டும் யாரும் தொடக்கூடாது" என்கிறார். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் போகிறோம். அம்மா கச்சான் விதையை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். அப்பா அந்தத் தாளைக் காட்டிக் காட்டி, "மதிப்பு முகத்துலதான் இருக்குன்னு நான் சொல்லல?" என்று எல்லோரிடமும் கேட்கிறார். என்ன செய்வது, தாள் முன்தூணில்தான் இருக்கிறது.

இன்று காலை அப்பா குருபோங் போய்க் குடிசையைச் சாலையில் நின்று பார்த்துவிட்டு வந்தார். முகப்பு சரியில்லையாம். கடப்பாரை வேண்டாம் மாமா. குடிசைக்குப் பின்னால் தம்பிராஜா இரண்டு நாய் கட்டி வைத்திருக்கிறார். நிலத்தோடு அவற்றையும் விட்டுவிட்டுப் போகும்படி அம்மா கேட்டுவிட்டாள்.