மூன்றாவது தாமதம்

இருதய அருண் கண்ணைத் தேய்த்துக்கொண்டு கல்யாண மண்டபத்து வாசலுக்கு வந்தபோது, அங்கே அவருடைய சைக்கிள் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. மணி ஐந்து நாற்பது.

"மாதாவே, விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார்.

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ரத்த தானத்தைப் பற்றி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகும் பதினான்கு பேர் கொண்ட சைக்கிள் குழு அது. 2012 ஜனவரி. நேற்றுத் திண்டிவனம் வந்து மண்டபத்தில் தங்கியாயிற்று, இன்று விழுப்புரம். அதுதான் அருணுக்குச் சொந்த ஊர். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. குழுவை வரவேற்க அங்கே ஒரு பள்ளிக்கூட வாசலில் மாலையோடு நிற்பதாக மனைவி ஜாக்குலின் சொல்லியிருந்தாள்.

குழுத் தலைவர் விருத்தாசலம், ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது மூன்று தடவை தாமதமாகக் கிளம்பினால் ரயிலேற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வழியில் லாரியோ பஸ்ஸோ ஏறினாலும் அதே கதிதான். அருண் நாக்பூரில் ஒரு தடவை, நெல்லூரில் ஒரு தடவை மாட்டியிருந்தார். நேற்று இரவு தலைவர் அவரைத் தனியாக அழைத்து, "நாளைக்கு அஞ்சு மணி. அஞ்சுன்னா அஞ்சு" என்று விரலை ஆட்டியிருந்தார்.

விழுப்புரத்தில் வைத்து நீக்கினால் ரயில்கூட வேண்டாம், வீட்டுக்கு நடந்தே அனுப்பிவிடலாம். அதுவும் மாலையைப் போட்ட கையோடு.

குறட்டை காரணமாக அருணுக்கு மட்டும் எப்போதும் கீழே சாமான் அறைதான், மற்றவர்கள் மாடியில் படுப்பார்கள். இப்போது மாடியில் விளக்குமில்லை, சத்தமுமில்லை. ஏறிப் பார்க்க அவருக்குப் பொறுமையுமில்லை. தலைவர் கூப்பிட்டுவிடுவார் என்று செல்போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, பல்கூட விளக்காமல் மிதித்தார்.

கூட்டேரிப்பட்டில் ஒரு டீக்கடை. அம்மணி என்ற பெண் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, சைக்கிள்ல ஒரு கும்பல் போச்சா?"

"இப்பத்தான் போச்சு சார். இருவது பேரு இருக்கும். எல்லாம் ஒரே கலர் சட்ட. பேசிக்கினே போனாங்க."

"புடிச்சிரலாமா?"

"ஜல்தியா மிதிச்சா புடிச்சிரலாம்."

பாதி டீயை வைத்துவிட்டு அருண் பறந்தார். இரண்டு கிலோமீட்டரில் கும்பலைப் பிடித்தும்விட்டார். அரசாங்கம் கொடுத்த சைக்கிள்களில் ஸ்பெஷல் கிளாசுக்குப் போகும் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள்.

"ரேஸா அங்கிள்?" என்று கேட்டு ஒருத்தி அவரை முந்திக்கொண்டு போனாள்.

அப்படியானால் குழு எவ்வளவு தூரம் போயிருக்கும்? அருண் சைக்கிளை விட்டு இறங்கினார். பின்னால் வந்த மினி லாரியைக் கைகாட்டி நிறுத்தினார். ஓட்டியவர் பெயர் சின்னதுரை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஏற்றக் காலிச் சாக்குகளோடு போய்க்கொண்டிருந்தார்.

"விழுப்புரத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே எறக்கி விட்ருங்க. ஊருக்குள்ள வேணாம்."

"ஏன் சார், போலீஸ் தேடுதா?"

"ஸ்டேஷன் மாஸ்டர் தேடுறாரு."

சின்னதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஏற்றிக்கொண்டார். குழுவைத் தாண்டும்போது யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாதே என்று அருண் சைக்கிளையும் படுக்கவைத்து, தானும் படுத்து, சாக்குகளை மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டார். சாக்கு கதகதப்பாக இருந்தது.

விழித்தபோது லாரி ஒரு சந்தை ஓரமாக நின்றிருந்தது. சாக்கை உருவ வந்த சின்னதுரை இரண்டடி பின்வாங்கினார்.

"சார், இன்னும் எறங்கலியா நீங்க? விழுப்புரத்தாண்ட நிறுத்தி நாலு தபா ஆரன் அடிச்சேனே. சத்தமே இல்ல, எறங்கிட்டீங்கன்னு வந்துட்டேன்."

"இது எந்த ஊரு?"

"கண்டாச்சிபுரம்."

"விழுப்புரம் எவ்ளோ தூரம்?"

"வந்த வழியே முப்பது கிலோமீட்டர் கிட்ட வரும். நான் லோடு ஏத்தித் திரும்ப சாயங்காலம் ஆவும் சார்."

எதிர்க்காற்றில் மிதித்தார் அருண். வழியெல்லாம் பொய்களைத் தயார் செய்தார். பஞ்சர் என்றால் டியூபைக் காட்டச் சொல்வார்கள். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்ப்பார்கள். ஒன்றும் தேறவில்லை.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத் தெருவில் அவர் மேற்கேயிருந்து நுழைய, கிழக்கேயிருந்து கொடியோடு குழு நுழைந்தது. இரண்டு தரப்பும் வாசலில் நேருக்கு நேர் நின்றன. மேளம் முழங்கியது.

விருத்தாசலம் இறங்கி ஓடிவந்து அருணைக் கட்டிக்கொண்டார். "பாத்தீங்களாப்பா. நமக்கு முன்னாடியே வந்து சேந்துட்டு, இப்ப எதிர்கொண்டு அழைக்க வர்றாரு."

எல்லோரும் கைதட்டினார்கள். ஜாக்குலின் முதல் மாலையை அவர் கழுத்தில் போட்டாள். பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவர்தான் நாயகன். ஆனால் மாலை கழுத்தை உறுத்தியது.

"சார், நான் இன்னிக்கும் லேட்டு" என்றார் அருண். "எழுந்ததே அஞ்சு நாப்பதுக்கு. அதுக்குள்ள நீங்கள்லாம் கெளம்பிட்டீங்க. புடிக்கணும்னு லாரி ஏறி, தூங்கி, கண்டாச்சிபுரம் போயி, அங்கேருந்து மிதிச்சிக்கினு வர்றேன். என்னை அனுப்பிருங்க."

மேளம் நின்றது. விருத்தாசலம் விழித்தார்.

"நாங்க எங்க கெளம்புனோம்? மாடியில தூங்கிக்கினு இருந்தோம். சைக்கிளெல்லாம் சாப்பாட்டு ஹால்ல பூட்டியிருந்துச்சு, நீங்கதான் உங்களுத வாசல்லயே விட்டுட்டுப் படுத்துட்டீங்க. கெளம்புனதே ஏழு மணிக்குத்தான்."

"அஞ்சு மணின்னு சொன்னீங்களே சார்?"

"உங்களுக்கு மட்டும்தான் அஞ்சு. அப்படிச் சொன்னாதான் ஏழுக்காவது வருவீங்கன்னு." தலைவர் தொண்டையைக் கனைத்தார். "லாரி ஏறுனதுக்கு அந்த முப்பது கிலோமீட்டரே தண்டனை, போதும். ஆனா யோசனை என்னுது இல்லப்பா. நேத்து போன்ல உங்க வீட்டம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க."

அருண் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "எத்தினி நாளா நடக்குது இது?"

ஜாக்குலின் அவர் கழுத்து மாலையை நேராக்கிவிட்டுச் சொன்னாள்: "சர்ச்சுல நம்ம கல்யாணப் பூச பத்து மணிக்குத்தாங்க. உங்ககிட்ட மட்டும் எட்டுன்னு சொல்லியிருந்தோம்."