டெசிபல் பாய் போட்ட காதுச் சண்டை

பாடாலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரை டெசிபல் பாயிடம் திட்டு வாங்காத ஆள் கிடையாது. ஏர் ஹாரன் அடித்த பஸ் டிரைவர், கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டியவர், அரியலூர் டீக்கடையில் பாட்டை அலறவிட்டவர் என்று எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். சத்தம் போடாதே என்று அவர் போடும் சத்தம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

லெப்பைக்குடிகாட்டுக்காரர். துபாயில் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டு நன்றாகச் சம்பாதித்து, இடது காதின் கேட்கும் திறனை அங்கேயே தொலைத்துவிட்டு ஊர் திரும்பியவர். உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எதைப் பேசினாலும் நடுவில் ‘எத்தனை டெசிபல் தெரியுமா?’ என்று கேட்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் இது.

பெரம்பலூருக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடம் இருக்கிறது. என் மகள் கயலும் அவர் மகள் சபீனாவும் அங்கே ஒன்றாகப் பழகினார்கள். காற்றுத் துப்பாக்கியிலிருந்து தோட்டாத் துப்பாக்கிக்கு மாறிய முதல் நாளே கயல் காதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“அம்மா, உள்ள ஙொய்யுங்குதும்மா.”

காதில் அவர்கள் வைத்துவிட்டிருந்தது மருந்துக் கடைப் பஞ்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுடும்போது போடும் கோட்டுக்கு அளவெடுக்கிறார்கள், ஷூவுக்கு அளவெடுக்கிறார்கள், காதுக்கு மட்டும் பஞ்சா? கோச்சிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார்.

“பழகிடும் மேடம்.”

நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து இன்னொரு வெடி.

“எது பழகிடும்? ஏன் சார், எது பழகிடும்? காது பழகாது சார், மவுத்தாயிடும்! செத்துப்போனா திரும்பி வராது. அல்லா என்ன ஸ்பேர் பார்ட்டா குடுத்து அனுப்பிருக்கான்?”

டெசிபல் பாயை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகள் எல்லோருடைய காதிலிருந்தும் அவரே பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். அடுத்த ஞாயிறு, தலையில் மாட்டும் பெரிய காதுமூடிகளோடு வந்தார். துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்தால் மூடி இடித்து விலகியது. மூடியின் மேலும் கோபம், கட்டையின் மேலும் கோபம். அதற்கடுத்து, உருட்டிக் காதுக்குள் செருகும் ஸ்பாஞ்ச் அடைப்பான். அது சத்தத்தை நன்றாகவே அடைத்தது. பேச்சையும் சேர்த்து அடைத்தது.

அங்கேதான் வினை வந்தது. ஒருநாள் யாரோ கேட்டைத் திறந்து போட, ஒரு வெள்ளாடு குறிப் பலகைகளுக்கு நடுவே புகுந்துவிட்டது. கோச் “ஸ்டாப்! ஸ்டாப்!” என்று கத்தினார். மற்றவர்கள் ஆட்டைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். ஒரு கண்ணால் குறி பார்த்துக்கொண்டிருந்த சபீனாவுக்குக் கேட்கவில்லை. சுட்டாள். தோட்டா பலகையில் பாய்ந்தது. ஆடு தப்பி ஓடியது. விஷயம் தெரிந்ததும் சபீனா அழுதுவிட்டாள்.

“ஆட்டுக்குப் பதிலா ஒரு புள்ள நின்னுருந்தா?” என்றார் பாய். அன்றைக்கு ஒருநாள்தான் அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன்.

மறுவாரமே குரல் திரும்பிவிட்டது. சத்தத்தை நிறுத்தும் ப்ளூடூத் கருவி என்று ஏதோ ஒன்றைத் திருச்சியில் வாங்கி வந்து, “அசல் சாமான் மேடம் இது!” என்று என்னிடம் காட்டினார். சபீனா டப்பாவைப் படித்தாள்.

“அத்தா, இது பாட்டு கேக்குறது. வெடியெல்லாம் தாங்காது.”

டப்பாவைத் திட்டினார். அப்படியே கடைக்காரருக்கும் போன் போட்டு அவரையும் திட்டினார்.

கடைசியில் துபாயிலிருக்கும் மூத்த மகன் மூலம் சரியான எலக்ட்ரானிக் அடைப்பான் வந்தது. துப்பாக்கி சுடுகிறவர்களுக்கென்றே செய்தது. காதுக்குள் அடங்கிவிடும், வெடியை அமுக்கி, பேச்சை உள்ளே விடும். ஆனால் காதுக்குள் போகும் முனை பெரிய ஆட்களின் காதுக்கானது. கயல் தலையைத் திருப்பினாள், கீழே விழுந்தது.

“புள்ளைங்களுக்குக் காதே இல்லன்னு நெனச்சானா, செஞ்சவன்?” என்று ஒரு மூச்சு கத்திவிட்டு, சின்ன முனைகளை வரவழைத்தார். அதற்குப் பிறகு தேர்வு வைத்தார். அடைப்பானை மாட்டித் தலையை ஆட்ட வேண்டும், விழக் கூடாது. சுவிட்சை அணைத்துவிட்டுப் பேசுவார். தெளிவாகக் கேட்டால் காதில் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தூரத்தில் நின்று, “யாருக்குப் பரோட்டா வேணும்?” என்று முணுமுணுப்பார். திரும்பிப் பார்த்த பிள்ளை பாஸ். அவர் முணுமுணுத்தது பக்கத்துக் கரும்பு வயலில் நின்றவருக்கும் கேட்டது என்பது வேறு விஷயம்.

கோச் இப்போது சிரிப்பதில்லை. அடைப்பான் இல்லாத பிள்ளையை உள்ளே விடுவதுமில்லை.

அப்புறம் போட்டி வந்தது. வரிசையில் பிள்ளைகளைச் சோதித்த அதிகாரி, எலக்ட்ரானிக் அடைப்பானைக் கழற்றச் சொன்னார். ஒலி வாங்கும் கருவி எதுவும் வீரர் காதில் இருக்கக் கூடாதாம். வெளியிலிருந்து யாராவது ஏதாவது சொல்லிக் கொடுத்துவிடலாமாம்.

“பயிற்சிக்கு ஒண்ணு, போட்டிக்கு ஒண்ணா? அப்ப நீங்க நிறுத்தச் சொன்னா இதுங்களுக்கு எப்படிங்க கேக்கும்?”

“கூடவே ஆள் நிக்கும் பாய், தோளைத் தட்டி நிறுத்துவாங்க. ரூல் ரூல்தான்.”

பாய்க்கு முகம் சிவந்தது. பிள்ளைகள் பையிலிருந்து சாதா அடைப்பானை எடுத்துச் செருகினார்கள். சண்டை முடிந்தது என்று நினைத்தேன். பாய் அதிகாரியின் தலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது சரி, ஒங்க காதுல ஒண்ணையும் காணோமே?”

“எனக்கெதுக்குங்க? பழகிடுச்சு.”

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. பாய் அலறிய அலறலில் சுட நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். “ரூல் சுடுறவங்களுக்குத்தானே? ஒங்களுக்கு இல்லல்ல? போடுங்க சார்! ஒங்க வூட்டுப் புள்ளைங்க பேசுறது ஒங்களுக்குக் கேக்க வேணாமா?”

அவரை அடக்க வேறு வழியில்லாமல், பாய் பெரிய முனை போட்டு நீட்டிய எலக்ட்ரானிக் அடைப்பானை அதிகாரி காதில் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் வரை கழற்றவே இல்லை. கிளம்பும்போது பாயைத் தனியாக அழைத்து, எங்கே வாங்கியது என்று கேட்டார். பாய் திருப்பி வாங்கவில்லை. அதை எந்தப் பக்கம் சுத்தம் செய்ய வேண்டும் என்று கால் மணி நேரம் கத்திச் சொல்லிக்கொடுத்தார்.

சபீனா பதக்கம் வாங்கினாள். கயல் வாங்கவில்லை. பாய் இருவரையும் ஒன்றாக நிறுத்தி, பதக்கத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், காது வலிக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

போன மாதம் அவர் துபாய்க்கு மகன் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த ஞாயிறு பயிற்சியில் எல்லாப் பிள்ளைகளும் யாரும் சொல்லாமலேயே அடைப்பானை மாட்டிக்கொண்டு ஒழுங்காகச் சுட்டார்கள். ஒரு சண்டை இல்லை, ஒரு கத்தல் இல்லை. எனக்கு அந்தப் பயிற்சி பிடிக்கவே இல்லை.